சம்பந்தியோடு பேச்சில்லை

எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசாத ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பால்காரரோடு பேச மாட்டார். இஸ்திரி வண்டிக்காரரோடு பேச மாட்டார். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த சொந்தத் தம்பியோடு பேச்சு நின்று எத்தனையோ வருடம். அதற்காக அவரைச் சண்டைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. யாராவது ஒரு சொல் அதிகமாகச் சொல்லிவிட்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி மறுபடி போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். அந்த ஆளோடு முடிந்தது.

பால்காரர் கதை எல்லோருக்கும் தெரியும். “தண்ணி ஜாஸ்தியா இருக்குதுப்பா” என்று இவர் சொன்னதற்கு, “வேணும்னா வேற எடத்துல வாங்கிக்க பெருசு” என்றாராம் அவர். இவர் வேறு இடத்தில் வாங்கவில்லை. காலையில் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தபடி நிற்பார். பால்காரர் சைக்கிளைப் பார்த்தபடி ஊற்றிவிட்டுப் போவார். நான் கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்த புதிதில் இந்தக் காட்சியைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

அது தொண்ணூற்று மூன்று. கீழ்ப்பெரும்பாக்கத்தில் வரிசை வீடு. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரே சுவர். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகளைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேத்தி சுமதி தாத்தா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறு வயது. லீவு முடிகிற சமயம், “பஸ்ஸுல கொண்டாந்து வுட்டுடு நைனா” என்று மகள் சொல்லி அனுப்பினாள். மாமாதான், “நீங்களே வந்து கூட்டிக்கினு போங்க. வந்த சாக்குல ஒரு நாள் இருந்துட்டுப் போங்க” என்று பதில் சொல்லி அனுப்பினார். மகளைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சின்னவன் பிரபுவுக்கு மூன்று வயது. அவனைத் திண்டிவனத்தில் அப்பாவைப் பெற்றவர்களிடம் விட்டுவிட்டு மகளும் மருமகனும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். விக்கிரவாண்டி தாண்டவில்லை. பின்னால் வந்த லாரி.

திண்டிவனத்தில்தான் எடுத்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். இரண்டு பாடையையும் தூக்குகிற நேரத்தில் மாமாவின் சம்பந்தி, மருமகனைப் பெற்றவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இவர் எதிரில் நின்றார்.

“ஒரு கொழந்தையக் கொண்டாந்து வுட ஒன்னால முடியாதா? ஏன்யா எம்புள்ளைய வரச் சொன்ன?”

மாமா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

அன்றைக்கு அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு பேரும் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், சாவு வீட்டில் நாலு வார்த்தை வருவதுதான் என்றார்கள். பிள்ளைகளை யாரும் பிரிக்கவும் இல்லை. அந்த நாளில் எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. சுமதி இங்கே, பிரபு அங்கே. கொஞ்ச நாள் போகட்டும், சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கத்துச் சனமும் சொல்லிக்கொண்டே இருந்தது.

சுமதியை அவர் வளர்த்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டபடியே இருந்தேன். ஊரில் பாதிப் பேரோடு பேசாத மனுஷன் அந்தக் குழந்தையோடு ஓயாமல் பேசுவார். “இன்னும் ரெண்டு வாய்டி கண்ணு… ரயிலு பொறப்படப் போவுது… தோ கொடி காட்டிட்டாங்க… ஜல்தி…” என்று களியை உருட்டி உருட்டிக் கொடுப்பார். யூனிபாரத்தைத் துவைத்து, அடுப்பு நெருப்பை அள்ளிப் போட்ட சொம்பால் தேய்த்துக் கொடுப்பார். இஸ்திரி வண்டிக்காரரோடுதான் பேச்சில்லையே. தலை பின்னுவது மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. காலையில் சீப்பையும் ரிப்பனையும் குழந்தையையும் கொண்டுவந்து என் எதிரில் உட்கார வைத்துவிட்டு, பின்னி முடிகிறவரை நிற்பார்.

“வலிக்காத இழும்மா. எங்கிட்டனா கத்திடுவா. உங்கிட்ட வெக்கப்பட்டுக்கினு பொறுத்துக்கறா.”

ராத்திரியில் அம்மாவைக் கேட்டு அழுவதை விட, காலையில் தலை பின்னும்போது சுமதி தம்பியைக் கேட்பதுதான் அதிகம். “தம்பிக்கு யாருக்கா சட்ட போட்டு வுடுவாங்க?” என்பாள். அவர் அதைக் கேட்டதும் தன் வீட்டுக்குள் போய்விடுவார்.

சம்பந்தியின் மனைவி நல்ல பொம்பளை. அந்த அம்மாள்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். இவர் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். அவர் இந்த வாசலை மிதிக்க மாட்டார். அதனால் மாதம் ஒரு ஞாயிறு மயிலம் கோயிலுக்குப் போகிற சாக்கில் இரண்டு குடும்பமும் கூட்டேரிப்பட்டில் இறங்குவது, ரோட்டோர டீக்கடை ஒன்றில் பிள்ளைகள் கொஞ்ச நேரம் சேர்ந்து இருப்பது என்று ஏற்பாடு. அங்கிருந்து ஆள் வந்து என்னிடம் சொல்ல, நான் மாமாவிடம் சொன்னேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. “நீயும் வாம்மா” என்றார். அந்தப் பக்கத்தோடு பேச ஒரு வாய் வேண்டுமே, அதற்காகக் கூப்பிட்டார் என்று பிறகுதான் புரிந்தது.

கூட்டேரிப்பட்டு டீக்கடையில் இரண்டு பெஞ்சு. ஒன்றில் மாமாவும் நானும் சுமதியும். இன்னொன்றில் அவர்கள். மெட்ராஸ் பஸ்ஸும் லாரியும் சர்சர்ரென்று போய்க்கொண்டிருக்கும். சம்பந்தி உயரமான ஆள். துணிப்பையில் வேகவைத்த மல்லாட்டைக் கடலை கொண்டுவந்து சுமதியைக் கூப்பிட்டு மடி நிறையக் கொட்டுவார். சுமதி ஓடிப்போய்த் தம்பியைத் தூக்கிக்கொள்வாள். தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடப்பாள். மாமா பார்த்துக்கொண்டே இருப்பார். பையனைப் பார்ப்பதற்கென்றே அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவார். பஸ் ஏறியதும் கழற்றிவிடுவார்.

ஆனால் பையனோடும் பேச மாட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

“கொழந்தையயாவது கூப்பிடுங்களேன் மாமா.”

“அவன் அந்தாளு மடியில ஒக்காந்துக்கினு இருக்கான். அவனக் கூப்ட்டா அவரக் கூப்ட்ட மாதிரி ஆயிடும்.”

வாங்கிவந்த பிஸ்கட்டைச் சுமதி கையில் கொடுப்பார். அவள் கொண்டுபோய்த் தம்பிக்குக் கொடுப்பாள். எதையாவது கேட்க வேண்டுமென்றாலும் அப்படித்தான். “பையனுக்கு மூக்கு ஒழுவுதே, மருந்து குடுத்தாங்களான்னு கேளு.” அவள் அந்தப் பெஞ்சுக்கு ஓடுவாள். “குடுத்துக்கினுதான் இருக்கோம்னு சொல்லு.” இந்தப் பெஞ்சுக்கு ஓடி வருவாள். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நாலு முழம்கூட இருக்காது.

ஒருமுறை சம்பந்தி தாமாகவே இறங்கி வந்தார். எழுந்து வந்து இவர் பக்கத்தில் நின்று, “இன்னா சம்பந்தி, ஒடம்பு கிடம்பு நல்லா இருக்குதா?” என்றார். அந்த அம்மாள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமா ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி போயிற்று. இன்னொரு லாரி போயிற்று. சம்பந்தி தன் பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, “நானும் மனுசந்தான்” என்று மனைவியிடம் சொன்னார். அதன் பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார்.

இப்படியே பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிரபு பள்ளிக்கூடம் போனான், பல் விழுந்தது, சைக்கிள் ஓட்டப் பழகினான். எல்லாம் எங்களுக்குப் பெஞ்சுக்குப் பெஞ்சு வந்த சேதி. பஸ் வந்ததும் சுமதி தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டு அடி வருவாள், யாராவது வந்து விடுவிப்பார்கள். கொஞ்சம் பெரியவளானதும் அவளே விட்டுவிடப் பழகிக்கொண்டாள்.

சுமதிக்குப் பதினாலு வயதில் அந்த அம்மாள் நெஞ்சு வலியில் போய்விட்டார். கருமாதிக்கு மாமா வருவாரோ மாட்டாரோ என்று நினைத்தேன். வந்தார். செஞ்சி ரோட்டில் இருந்த அந்த வீட்டுக்கு, மகளை எடுத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் போனார். பந்தலில் ஓரமாக உட்கார்ந்தார். பிரபு மொட்டைத் தலையோடு அக்கா மடியில் படுத்திருந்தான். பதினொரு வயதுப் பையன், குழந்தை மாதிரி.

சடங்கு முடிந்ததும் சம்பந்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பந்தல் முழுக்கக் கேட்கும்படிதான் பேசினார்.

“எம்மா, எனக்கு இவன வச்சிக்கினு சோறாக்கிப் போடத் தெம்பு இல்ல. பையன் அக்கா கூட இருக்கணும்னு அழுவறான். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கட்டுமே. எனக்கு ஒண்ணும் வேணாம். அவரு வாயத் தொறந்து ‘அனுப்புங்க’ன்னு ஒரு வார்த்த கேக்கட்டும். இப்பவே கூட்டிக்கினு போவட்டும்.”

பந்தலில் இருந்த அத்தனை பேரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சுமதி எழுந்துவிட்டாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தாத்தா எதிரில் வந்து நின்றாள்.

“கேளு தாத்தா.”

அவர் உதடு அசைந்தது. கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கை தன்னைப்போல் தோளுக்குப் போயிற்று. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா” என்றார்.

பிரபு அழவில்லை. அக்கா கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

பஸ்ஸில் சுமதி என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சோறாக்கினாள். தட்டை வைத்தாள். “நீ சாப்ட்டியா கண்ணு?” என்று அவர் கேட்பது சுவர் வழியாகக் கேட்டது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. நான் குழந்தைக் கோபம் என்று நினைத்தேன். மாதங்கள் போயின. சமைத்தாள், துவைத்தாள், அவருக்கு ஜுரம் வந்தபோது கசாயம் வைத்துக் கொடுத்தாள். ஒரு சொல் பேசவில்லை.

“பாவம்டி, வயசானவரு. எத்தன நாளைக்குடி இப்படி?” என்று கேட்டேன்.

“எனக்கு இன்னாக்கா தெரியும்? அவரப் பாத்துதான் கத்துக்கினேன்” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து போனதும் அவர் வந்து வாசலில் நிற்பார். “என்னா சொல்லிக்கினு இருந்தா? பரீட்ச நல்லா எழுதனாளாமா?” என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போவார். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமே இல்லாமல் போயிற்று. ரேடியோவைப் போட்டு வைப்பார்.

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்துத்தான் எங்கள் தெருவே ஆச்சரியப்பட்டது. ஒரு நாள் காலையில் பால்காரரைப் பார்த்து, “பாலு நல்லா இருக்குதுப்பா இப்பல்லாம்” என்றார். பால்காரர் கேனைச் சைக்கிளோடு சாய்த்துவிட்டார். இஸ்திரி வண்டிக்கு வேட்டி போயிற்று. தம்பி வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பேத்தி பார்க்கட்டும் என்று ஒவ்வொருவரோடும் வாசலில் நின்று சத்தமாகப் பேசினார். அவள் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

“சம்பந்திகிட்டப் போய் ஒரு வார்த்த பேசுங்க மாமா. அவ எதிர்பாக்கறது அதத்தான்” என்றேன்.

வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

“அந்தாளு சொன்னது பொய்யா இருந்தா எப்பவோ பேசியிருப்பேம்மா. நாந்தான வரச் சொன்னேன். அவரு மூஞ்சியப் பாத்தா எனக்கு அதுதான் கேக்குது.”

இத்தனை வருடமும் அவர் சம்பந்தி மேல் கோபத்தில் இருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். சம்பந்தி. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். செருப்பு இல்லை. மாமா வீட்டுப் படிக்குக் கீழே நின்றுகொண்டு உள்ளே பார்த்துக் கேட்டார்:

“பிரபு இங்க வந்தானா?”

மாமா எழுந்து வந்தார். துண்டு தோளில் இல்லை.

“உள்ள வாங்க சம்பந்தி” என்றார்.

அத்தனை வருடம் வராத சொல் அவ்வளவு சுலபமாக வந்தது. சம்பந்தி படியேறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பையன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் கூட்டேரிப்பட்டில் நிற்கிற லாரிக்காரர்களோடு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். கிளீனராக எந்த வண்டியிலோ ஏறிப் போய்விட்டான். எந்த வண்டி, எந்தப் பக்கம், யாருக்கும் தெரியவில்லை.

மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உள்ளேயிருந்து சுமதி வந்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அன்றைக்குத்தான்.

“அழுது இன்னா ஆவப் போவுது? போய்த் தேடு.”

இரண்டு கிழவர்களும் தேடினார்கள். பையனின் பள்ளிக்கூடப் படத்தை வைத்துக்கொண்டு திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்று ஒவ்வொரு லாரி ஷெட்டாகப் போய் நிற்பார்கள். பேசாத மனுஷன்தான் இப்போது பேசுவார். “எம்பேரன்பா, இவ்ளோ உசரம் இருப்பான். அவங்க அம்மா ஜாடை. பாத்தா சொல்லுப்பா, தாத்தாங்க ரெண்டு பேரும் தேடறாங்கன்னு சொல்லு.” முகம் தெரியாத டிரைவர்களிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். சம்பந்தி பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அவரால் நடக்க முடியாமல் போனதும் மாமா அவரை இங்கேயே கூட்டிவந்து வைத்துக்கொண்டார். ஒரே வீட்டில் இரண்டு கிழவர்கள். ஒருவருக்கு ஒருவர் மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செத்துப்போன மகளையும் மகனையும் பற்றிப் பேசுவார்கள். சம்பந்தி மாமா வீட்டில்தான் இறந்தார்.

மாமா சுமதியைத் திண்டிவனத்திலேயே கட்டிக்கொடுத்தார். அவள் அவரோடு பேசினாள்தான். “சாப்புடு தாத்தா”, “மருந்து போட்டியா?”, “போய்ட்டு வர்றேன்.” சின்ன வயதில் மடியில் படுத்துக்கொண்டு பேசிய பேச்சு திரும்பி வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

மாமா போய்ச் சேர்ந்து இப்போது பல வருடமாகிறது. பேரன் வந்துதான் கொள்ளி வைத்தான். மூன்று நாள் ரயிலிலும் பஸ்ஸிலுமாக வந்தான் என்பதால் அதுவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். இருபது வயது தாண்டிய ஆண்பிள்ளை, யாரோ சொல்லச் சொல்லச் செய்தான். இன்றைக்கு அவனும் திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறான், சொந்தமாக மினி லாரி வைத்திருக்கிறான். பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள் என்று நான் மனதைத் தேற்றிக்கொள்வதுண்டு. ஆனால் மாமாவை நினைத்தால் எனக்கு வருவது அந்தச் சாவு இல்லை. அதற்கு ஆறேழு மாதம் முன்னால் பேசிய ஒரு போன்தான்.

நாக்பூர் பக்கம் ஒரு டாபாவில் பிரபுவைப் பார்த்ததாக மயிலத்து டிரைவர் ஒருவர் நம்பர் கொண்டுவந்து சுமதியிடம் கொடுத்திருந்தார். கிழவர்கள் எப்போதோ பிடித்துக் கெஞ்சிய கைகளில் ஒன்று அவருடையது. சுமதி அன்றைக்கே தம்பியோடு பேசி, அழுது, அந்த நம்பரோடு விழுப்புரத்துக்கு ஓடிவந்தாள். என் செல்போனில் போட்டு, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்து, மாமா கையில் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“யாரு?” என்றது அந்தப் பக்கம். ஆம்பிளைக் குரல்.

“நாந்தாம்பா. தாத்தா பேசறேன்.”

“எந்தத் தாத்தா?”

“விழுப்புரத்துத் தாத்தாப்பா. ஒங்கம்மாவப் பெத்தவன்.”

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பிறகு அவன், குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டான்.

“அவரு பேச மாட்டாரே?”

சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், கத்திச் சொன்னார்:

“பேசறேம்பா. பேசறேன். நீ வந்துடு. நம்ம வூட்டுக்கு வந்துடு சாமி. அக்கா இருக்கா, நான் இருக்கேன். வந்துடுப்பா.”

“சரிங்க” என்றான் அவன். “வேல இருக்குதுங்க. லீவு கெடச்சா பாக்கறேங்க. ஒடம்பப் பாத்துக்கங்க.”

லைன் கட்டாகிவிட்டது. நான் போனை வாங்கிக்கொண்டேன். “வர்றேன்னுதானே சொல்றான் மாமா, வந்துடுவான்” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுமதியைப் பார்த்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

“‘ங்க’ போட்டுப் பேசறான் கண்ணு” என்றார். “எம்பேரன் எங்கிட்ட ‘ங்க’ போட்டுப் பேசறான்.”